அழைப்பு மணியில் இல்லாத பெயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

லிங்குவின் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைத்துவிட்டது. ஏப்ரல் 21, சென்னையில். சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கிறேன்.

என் பிள்ளைக்கு இங்கே இருக்க இடம் உண்டு என்று காட்ட வேண்டுமாம். வாடகை ஒப்பந்தம் வேண்டும். அந்த முகவரியில் நான் குடியிருப்பதாக நகராட்சியில் பதிந்த தாளும் வேண்டும்; அப்படிப் பதிய, வீடு கொடுப்பவர் ஒரு பதிவுத் தாள் எழுதித் தர வேண்டும். நான் இருப்பதோ ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் மருத்துவமனை கொடுத்த நர்ஸ் விடுதி. ஒரு கட்டில், ஒரு மேசை, நாலு பேருக்குப் பொதுவாக ஒரு அடுப்பு. குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, அதற்குள் ஒரு வீடு பிடிக்க வேண்டும். அதுவும் சாமான்களோடு. இந்த ஊரில் காலி வீடு என்றால் நிஜமாகவே காலி. அடுப்படித் தொட்டியைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். டியூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கட்டிலும் அலமாரியும் வாங்கி, சுமந்து, பூட்டி முடிக்க என்னால் ஆகாது.

ஊருக்குப் போன் போட்டேன். பூரணம் அக்காதான் எடுத்தாள். அவள் என் வீட்டுக்காரரோட அண்ணன் மனைவி. அவர் இறந்துபோய், நான் இங்கே வேலைக்கு வந்தபோது லிங்குவுக்கு நாலு வயது. அன்றிலிருந்து அவன் சங்கரன்கோவிலில் அவளிடம்தான் இருக்கிறான். அவளுக்குப் பிள்ளை இல்லை.

“தேதி வந்துட்டுக்கா” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் மோசம் போல. பிறகு, “சரி செல்லத்தாயி. நல்லது” என்றாள்.

“லிங்கு எங்கக்கா?”

“வெளையாடுதான். கூப்புட்டா வரமாட்டேங்கான். பொறவு பேசச் சொல்லுதேன்.”

பிள்ளை என்றால் விளையாடத்தானே செய்யும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நாளெல்லாம் வீட்டு விளம்பரங்களுக்கு எழுதினேன். எனக்கு ஏது குடும்பப் பெயர், பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான். அதனால் இந்த ஊருக்கு நான் ஃப்ராவ் சுடலைமுத்து, அதாவது திருமதி சுடலைமுத்து. தென்காசி தாண்டாத மனுஷர் பெயரில் ஜெர்மன் வீட்டுக்காரர்களுக்கு மனு மேல் மனுவாகப் போகிறது. பதில்தான் வரக்காணோம்.

ஒரே ஒருவர் உடனே பதில் போட்டார். இரண்டு அறை, சோபா, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் உண்டு, வாடகை பாதிதான். தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்றும் எழுதியிருந்தார். சத்தியமாக அனுப்பியிருப்பேன், அவ்வளவு ஆசை. படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஏதய்யா கடல்?

பிப்ரவரி 14, சனி

தவமலர் அக்கா கடையில் பச்சரிசி வாங்கப் போனேன். யாழ்ப்பாணத்துக்காரி. பிள்ளைகள் எல்லாம் இங்கேயே பிறந்தவர்கள். யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குக் கடை திறந்த மாதிரியே இருக்காது.

“என்ன பிள்ளை, முகம் கறுத்துக் கிடக்கு. வீடு இன்னும் கிடைக்கேல்லையோ?”

இல்லை என்றேன். காலையில் பார்க்கப் போன வீட்டுக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. அவரவர் கையில் சம்பளச் சீட்டும் விண்ணப்பமும் வைத்த கோப்பு. என் முறை வந்தபோது வீட்டுக்காரர் என் கோப்பைத் திறக்கவே இல்லை, குழந்தை வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றேன். நன்றி என்றார்.

“பதிவுத் தாள் தாறன் எண்டு சொல்லாட்டி அந்த வீட்டுப் பக்கமே போகாதேங்கோ” என்றாள் தவமலர் அக்கா. “வீடு சும்மா கிடைச்சாலும் அந்தத் தாள் இல்லாட்டி உங்கட பெடியன் வந்து சேரமாட்டான்.”

தெரியும். அரிசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது. கடவுளே, கிடைத்துவிட்டது.

மேற்குப் பக்கத்து மேட்டில், மூன்றாம் மாடி. இரண்டு அறை, கட்டில், சோபா, அடுப்படி, கரண்டி முதல் எல்லாம் இருக்கிறது. கொடுப்பவன் பெயர் யென்ஸ். தாடி வைத்த பையன், சிரித்துச் சிரித்துப் பேசினான். போர்ச்சுகலில் வேலையாம், திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். வாடகை என் சம்பளத்துக்குள் அடங்குகிறது. குழந்தை வரும் என்றேன். குழந்தைகள் என்றால் பிடிக்கும் என்றான்.

பதிவுத் தாள்? “நிச்சயமாக. நீங்கள் முதலில் குடிவாருங்கள், ஒரு மாதம் போகட்டும்.”

இரண்டே நிபந்தனை சொன்னான். வாசல் மணியில் ஒட்டியிருக்கும் அவன் பெயர் அப்படியே இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் அவனுடைய தோழி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்து தங்கியிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் வீடு போய்விடும் என்று பயம். தவமலர் அக்காவிடமும் இதைச் சொல்லவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

குடிவந்தாயிற்று. ஊரில் என்றால் புதுவீட்டில் முதலில் பால் காய்ச்சுவோம், நாலு பேரைக் கூப்பிட்டுக் காபி கொடுப்போம். இங்கே பெட்டியை மாடிப்படியில் இடிக்காமல், பூனைபோல ஏற்றிக்கொண்டு வந்தேன். பால் காய்ச்சவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் எதற்குப் பால் காய்ச்சப் போகிறாள்?

வீட்டில் இருப்பது ஒரே ஒரு செடி. அதுவும் கள்ளி.

மார்ச் 5, வியாழன்

எதிர்வீட்டு அம்மாள் பெயர் ஹெபர்லே. மணியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான் படியேறும்போதெல்லாம் அவள் கதவு ஒரு விரற்கடை திறக்கிறது. ஒரு கண் தெரிகிறது. பிறகு மூடிக்கொள்கிறது. நல்ல வாயாடி என்று மருத்துவமனையில் பெயரெடுத்த நான், வணக்கம் சொல்லிவிட்டுச் சாவியைத் தேடித் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

குக்கர் விசில் கேட்டுவிடும் என்று சோற்றைச் சட்டியில் வடித்துச் சாப்பிடுகிறேன். இன்று பருப்புக்கு வேறு வழியில்லாமல் குக்கர் வைத்து, விசில் வரப்போகும் நேரம் பார்த்து அடுப்பை அணைத்து, திரும்பப் போட்டு, திரும்ப அணைத்து… பருப்பு வேகவே இல்லை. அப்படியே குடித்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

மார்ச் 9, திங்கள்

உயிர் போய் உயிர் வந்தது. டியூட்டி முடிந்து வந்தால் என் கதவுக் கைப்பிடியில் ஒரு மர அட்டை தொங்குகிறது, ஏதோ எழுதியிருக்கிறது. பிடிபட்டுவிட்டேன், காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து, படிக்காமலே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டேன்.

போட்டோ எடுத்துத் தவமலர் அக்காவுக்கு அனுப்பினேன். அவள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டிருக்கும். இந்த வாரம் படிக்கட்டு கூட்டும் முறை எனக்காம். முறை யாருடையதோ அவர் கதவில் அட்டை தொங்கும். இந்தச் சீமையில் இது பெரிய விஷயம், கூட்டாவிட்டால் பகை என்றாள்.

கூட்டினேன். மூன்று மாடியும், வாசல் வரைக்கும். தண்ணீர் ஊற்றித் துடைத்து, கைப்பிடியில் இருந்த தூசியையும் எடுத்தேன். எதிர்க்கதவு விரற்கடை திறந்தே இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

வீடியோவில் லிங்குவுக்கு வீட்டைக் காட்டினேன். போனைப் பூரணம் அக்கா பிடித்திருந்தாள். அவன் அவள் மடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. எப்போது விழுந்தது என்று கேட்டேன், போன வாரமாம். சொல்ல மறந்துவிட்டார்களாம்.

“இது உன் ரூம் லிங்கு. இது நீ படுக்கிற இடம். இது அம்மா படுக்கிற இடம்.”

பார்த்தான். தலையை ஆட்டினான். பிறகு கேட்டான், “பெரியம்மாவுக்குக் கட்டில் எங்க?”

நான் பதில் சொல்வதற்குள் பூரணம் அக்கா, “நான் கீழ பாய விரிச்சுப் படுத்துக்குவேன்ல” என்றாள். அவன் சரி என்று முறுக்கைத் தொடர்ந்தான்.

விவரம் தெரியாத பிள்ளை. இங்கே வந்தால் சரியாகிவிடும்.

மார்ச் 19, வியாழன்

யென்ஸுக்கு எழுதினேன். பதிவுத் தாள் எப்போது தருவாய்? நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

மார்ச் 23, திங்கள்

யென்ஸுக்கு எழுதினேன்.

மார்ச் 26, வியாழன்

யென்ஸ் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான். பின்னால் கடல் இரைச்சல். தாள் இப்போது கொடுக்க முடியாதாம், கொடுத்தால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமாம். கோடை முடியட்டும், பார்க்கலாம், கவலைப்படாதே என்கிறான்.

அவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை. அவனே வாடகைக்கு இருப்பவன். எனக்குக் கொடுத்தது நிர்வாகத்துக்குத் தெரியாது. இது குடிவந்த அன்றே எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கோடை முடியும்போது அங்கே பள்ளிக்கூடம் திறந்து லிங்கு ஒன்றாம் வகுப்பில் பாதி முடித்திருப்பான். இந்தத் தேதியை விட்டால் அடுத்த தேதி எப்போது என்று எவனுக்கும் தெரியாது. அதற்குள் என்னென்ன ஆகுமோ. என்ன ஆகும் என்று எழுத மாட்டேன்.

மார்ச் 28, சனி

தவமலர் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. “நிர்வாகத்திட்ட நேராப் போய்ச் சொல்லுங்கோ” என்றாள். சொன்னால் அன்றைக்கே தெருவில் நிற்பேன் அக்கா என்றேன். விடுதி அறையை வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். கடன் கேட்டு வந்தவளைப்போல அவள் கடை மூலையில் நின்று அழுதேன், வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

இன்று பங்குனி உத்திரம். அங்கே எல்லாரும் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். மத்தியானம் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது.

லிங்குவுக்குக் காது குத்தியிருக்கிறார்கள்.

எனக்குச் சொல்லவில்லை. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், திடீரென்று முடிவு பண்ணியிருப்பார்கள். பட்டு வேட்டி, மொட்டைத் தலையில் சந்தனம், அழுதுகொண்டே சிரிக்கிறான். யார் மடியில் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்தேன். தாய்மாமன் மடியில்தானே உட்கார்த்துவார்கள். என் தம்பி கொம்பையா அல்லவா மாலையும் கம்மலும் சீரும் கொண்டுவந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

மடியில் வைத்திருந்தது பூரணம் அக்காவின் தம்பி.

வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. எங்கள் பக்கம் இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் கூடியிருந்த அத்தனை சனமும் பார்த்திருக்கும். அவள் தம்பி தாய்மாமன் என்றால் தாய் யார்?

கொம்பையாவுக்குப் போன் போட்டேன். அவன் தூத்துக்குடியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான்.

“எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லக்கா. நான் செத்தா போயிட்டேன்? இப்பவே போய்க் கேக்கட்டா?”

“வேண்டாம்டா.”

“எதுக்கு வேண்டாங்க?”

“இருபத்தொண்ணாம் தேதி அவனச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போவப்போறது அவங்கதான். சண்ட போட்டா, கூட்டிட்டுப் போவாம இருந்துட்டாங்கன்னா?”

லோடு ஏற்றச் சொல்லி யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போனை வைத்தான்.

பூரணம் அக்காவுக்கு “அழகா இருக்கான்” என்று எழுதி அனுப்பினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

புத்தி பேதலித்துப்போய் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

பால் காய்ச்சாமல் குடிவந்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று நேற்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று பெரிய வெள்ளி, விடுமுறை. டியூட்டி இல்லை. புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். போனில் திசைகாட்டி பார்த்துக் கிழக்கைக் கண்டுபிடித்து, கொஞ்சம் கப் சாம்பிராணியும் ஏற்றி வைத்தேன். கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளை என்னிடம் வந்துவிட வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை என்று வாய்விட்டே சொன்னேன்.

பால் பொங்கியது. ஊரில் பொங்கட்டும் என்றுதானே விடுவோம், நாலு பக்கமும் வழியட்டும் என்று விட்டேன். இங்கே அடுப்பு கண்ணாடித் தட்டு என்பது அந்த நேரம் நினைவில் இல்லை. வழிந்த பால் கருகி, புகை கூரைக்குப் போய், சாம்பிராணியும் சேர்ந்துகொள்ள, மேலே இருந்த புகை அலாரம் அலற ஆரம்பித்தது. அலறல் என்றால் அப்படியொரு அலறல். நாற்காலி போட்டு ஏறினேன், எட்டவில்லை. துடைப்பக் கம்பால் இடித்தேன், நிற்கவில்லை. இந்த ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருக்கும் நாள் இது, பாட்டுக்கூடப் போட மாட்டார்கள். கட்டடம் முழுக்க எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

ஜன்னலைத் திறப்பதற்குள் தெருவில் சைரன். ஹெபர்லே அம்மாள் தீயணைப்புக்குச் சொல்லிவிட்டாள்.

பூட்ஸ் காலோடு உள்ளே வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் அலாரத்தை ஒரு திருகு திருகிக் கழற்றினார். பெரியவராகத் தெரிந்தவர் பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பொங்குவதைப் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்? ஏன் அணைக்கவில்லை?”

“பொங்க வேண்டும் என்றுதான் நின்றேன்.”

“வேண்டுமென்றே?”

“ஆமாம்.”

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். பிறகு என் பெயரைக் கேட்டார். வெளியே படிக்கட்டில் எல்லாரும் நிற்கிறார்கள். ஹெபர்லே அம்மாளின் கதவு முதன்முறையாக முழுதாகத் திறந்திருக்கிறது. யென்ஸின் தோழி, செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவள் என்று கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நாள் பழகியிருக்கிறேன். வாயைத் திறந்தேன், அது வரவில்லை.

“செல்லத்தாய் சுடலைமுத்து. நான் இங்கேதான் குடியிருக்கிறேன்.”

மணியில் வேறு பெயர் இருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். இன்னும் அடுப்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கிறேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நிர்வாகத்திலிருந்து ஷ்மீடர் என்பவர் வந்தார். ஒல்லி, கழுத்தில் மப்ளர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மகனைப் பற்றியும், 21-ஆம் தேதியைப் பற்றியும். என் ஜெர்மன் பாதியில் தீர்ந்துபோய்க் கையால் பேசினேன்.

யென்ஸ் இப்படிச் செய்வது இது முதல் தடவை இல்லையாம். அவனிடம் பேசிவிட்டார்கள், வீட்டை விட்டுக்கொடுக்கச் சம்மதித்துவிட்டான். மாத நடுவில் வந்து சாமான்களை எடுத்துக்கொள்வான்.

“அப்படியானால் நான்?”

“சனிக்கிழமை வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். நீங்களும் விண்ணப்பிக்கலாம், மற்றவர்களைப் போல.”

மற்றவர்களைப் போல.

ஏப்ரல் 11, சனி

நான் படுத்த கட்டிலை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. கோப்புகளோடு வரிசை மாடியிலிருந்து வாசலைத் தாண்டி நின்றது. ஒருத்தி என் துண்டை நகர்த்திவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். ஒரு தம்பதி லிங்குவின் அறையில் நின்று, இங்கே புத்தக அலமாரி வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் கோப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்போரம் நின்றேன். எல்லாரும் ஏஜென்ட் என்று நினைத்து என்னிடமே சந்தேகம் கேட்டார்கள். நல்ல வீடுதான், வெயில் வரும் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

கூட்டம் குறைந்த நேரம் ஹெபர்லே அம்மாள் வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல் உள்ளே வந்தாள். போச்சு என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஷ்மீடரைப் பார்த்துச் சொன்னாள்.

“புதிதாக வருகிறவர் என்னென்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.”

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அது எனக்கு நல்லதா கெட்டதா என்றுகூடப் புரியவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

வீடு எனக்கு. ஷ்மீடர் போன் பண்ணினார், எதிர்வீட்டு அம்மாள் சொன்னதே போதுமாம். ஒப்பந்தம் என் பெயரில், பதிவுத் தாளும் தருகிறார். போனை வைத்துவிட்டு வார்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 16, வியாழன்

நகராட்சியில் பதிந்தாயிற்று. தாள்களை எல்லாம் வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிவிட்டேன். யென்ஸின் ஆட்கள் வந்து சோபா, கட்டில், அடுப்பு, தொட்டி, கரண்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாமானோடு வீடு வேண்டும் என்று அலைந்தவள், கள்ளிச்செடியோடு உட்கார்ந்திருக்கிறேன். அதை அவனே விட்டுவிட்டான்.

தவமலர் அக்கா இரண்டு மெத்தையும் ஒரு மின்சார அடுப்பும் அனுப்பினாள்.

பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று வேலையில் ஒன்றும் ஓடவில்லை. காலையிலிருந்து பூரணம் அக்கா போன் அணைந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் போனும் அணைந்திருக்கிறது. உள்ளே போன் அனுமதி இருக்காது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். ரயில் ஏறவே இல்லையோ என்று இன்னொரு பக்கம் ஓடியது. ஏறவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும்? யாரைக் கேட்பேன்? நோயாளி ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு எழுத மறந்து, திரும்பப் போய்ப் பார்த்தேன். உங்களுக்குத்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றார் அவர்.

டியூட்டி முடிந்து டிராமில் நிற்கும்போது போன் அடித்தது.

“முடிஞ்சுட்டு செல்லத்தாயி” என்றாள் பூரணம் அக்கா. “எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. கவுண்டர்ல இருந்த பொண்ணு அவன்கிட்டயே கேட்டுட்டா, அங்க உனக்காக யாரு இருக்காங்கன்னு. எங்க அம்மான்னு சொல்லிட்டான்.”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனது.

“மொதல்ல அவனுக்கு அப்படிச் சொல்ல வரல்ல. ஒரு மாசமா உன் போட்டோவக் காட்டிச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன். ரயில்லயும் சொல்லிக் குடுத்துட்டே வந்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “காது குத்துனது தப்புதான். அவன் போயிருவான்னு தெரிஞ்சுபோச்சு. ஒருநாளாது அவன் எங்காளு மடியில இருக்கட்டும்னு நெனச்சுட்டேன். மனசுல வச்சுக்காத.”

மனசில் வைத்திருந்தேன். இவள் எங்கே பிள்ளையைத் தராமல் போய்விடுவாளோ என்றுதான் இத்தனை மாதமும் நடுங்கினேன். அவள் சென்னை வரைக்கும் வந்து அவனை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். “வச்சுக்கல்லக்கா” என்றேன்.

மே 24, ஞாயிறு

விசா வந்துவிட்டது. நாளை ஊருக்குப் புறப்படுகிறேன், கூட்டிவர. இன்று பூரணம் அக்காவே கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டு லிங்குவைப் பற்றி மட்டும் பேசியது இதுதான் முதல் தடவை.

இட்லிக்குச் சட்னி தொடமாட்டான், சீனிதான். சாமி படத்துக்கு நேராகக் கால் நீட்டிப் படுத்தால் திட்டக் கூடாது, திருப்பிப் போட்டால் போதும். தூங்கும்போது பக்கத்தில் படுத்திருப்பவர் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். பல்லு விழுந்ததைச் சொல்லிக் கேலி செய்தால் கோபம் வரும்.

எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. எழுதி வைத்துக்கொண்டேன்.

மே 31, ஞாயிறு

வந்துவிட்டோம்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவன் அழவில்லை. பூரணம் அக்காவும் அழவில்லை, பாயும் தலையணையும் பின்னாடியே கொண்டு வருவேன் என்று அவனிடம் சொன்னாள். அவன் நம்பினான். நான் அந்தப் பொய்யை மறுக்கவில்லை.

இங்கே வந்ததும் கள்ளிச்செடியைத் தொட்டுப் பார்த்தான். எதிர்வீட்டு ஹெபர்லே அம்மாள் கதவைத் திறந்து அவனைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு கேக் துண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சீனி தொட்டு இட்லி தின்றான். அறையெல்லாம் சுற்றிப் பார்த்தான். எதையோ எண்ணுகிற மாதிரி மெத்தைகளைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் பயணக் களைப்பில் மெத்தையில் விழுந்தான். பக்கத்தில் படுத்தேன். காது மடலைப் பிடிக்கக் கை வருமா என்று பயந்துகொண்டே படுத்திருந்தேன். வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, தன் காதையே பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான். குத்தின புண் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கொஞ்ச நேரம் போய்ப் புரண்டான். கண் திறக்கவில்லை. கை காற்றில் எதையோ தேடியது.

“பெரியம்மா” என்று கூப்பிட்டான்.

வெளியே பஸ் போகிற சத்தம். இன்னொரு தடவை கூப்பிட்டான்.

“ம், இங்கதான இருக்கேன்” என்று தலையை அவன் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினான்.